சுரங்கத் துறைக்காகப் பேசுவது யார்? மேற்கு ஆஸ்திரேலியச் சேம்பரும் அதன் தலைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்த்தில் சுரங்க வேலைக்கு வந்திருக்கும் தமிழர்களும், இங்கே சுரங்கப் பொறியியல் படிக்க வரும் பிள்ளைகளும், ஊரிலிருந்து ஆஸ்திரேலியச் செய்திகளைப் படிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ‘சேம்பர் ஆஃப் மினரல்ஸ் அண்ட் எனர்ஜி ஆஃப் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்ற சங்கத்தைத்தான் இங்கே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். துறையில் இருப்பவர்கள் அதை சிஎம்இ என்பார்கள், அல்லது வெறுமனே சேம்பர் என்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் குயின்ஸ்லாந்தும், ஓரிடத்தில் தமிழ்நாடும் வரும்.

சேம்பர் என்பது அரசு அமைப்பா?

இல்லை. கனிம, எரிசக்தி நிறுவனங்கள் சந்தா கட்டி நடத்தும் சங்கம். 1901இல் தங்கச் சுரங்கங்களின் காலத்தில் உருவானது. பேடி ஹன்னனும் அவர் கூட்டாளிகளும் கல்கூர்லியில் தங்கம் கண்டது 1893இல். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. பெர்த்துக்கு அருகிலுள்ள மலைப்பகுதியிலிருந்து சுமார் 560 கிலோமீட்டர் குழாய் போட்டு 1903இல்தான் தண்ணீர் வந்து சேர்ந்தது. தண்ணீர், ரயில், கூலி, விபத்து என்று எதை எடுத்தாலும் ஒரு சுரங்கம் தனியாக அரசிடம் போய்ப் பேசித் தீர்க்கக்கூடியதாக இல்லை. சுரங்கக்காரர்கள் சேர்ந்து பேச வேண்டிய தேவை அங்கிருந்து தொடங்குகிறது.

இன்று சேம்பரின் எல்லைக்குள் தங்கம் மட்டுமில்லை. மாநிலத்தின் வடக்கிலுள்ள பில்பரா பகுதியின் இரும்புத்தாது, லித்தியம், நிக்கல், அலுமினா, எரிவாயு, மின்சாரம் எல்லாம் உண்டு. மாநிலத்தில் சுரங்க வேலையை நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். இரும்புத்தாது மட்டுமே ஆண்டுக்கு 100 பில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விற்ற ஆண்டுகள் உண்டு. இவ்வளவு பணம் புரளும் துறையின் பொதுக் குரல் என்பதால்தான் சேம்பர் ஒரு அறிக்கை விட்டால் மாநிலப் பிரதமர் அலுவலகம் கவனிக்கிறது.

தலைவர் யார், தலைமைச் செயல் அதிகாரி யார்? இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. தலைவர் உறுப்பு நிறுவனம் ஒன்றின் மூத்த அதிகாரியாக இருப்பார். தன் நிறுவன வேலையோடு சேர்த்து இந்தப் பொறுப்பையும் பார்ப்பார். தலைமைச் செயல் அதிகாரிக்கு இதுவே முழுநேர வேலை. தொலைக்காட்சியில் பேசுவது, அமைச்சரைப் பார்ப்பது, நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்வது எல்லாம் பெரும்பாலும் இவர்தான். 2022இல் இந்தப் பொறுப்புக்கு வந்த ரெபெக்கா டாம்கின்சன் அதற்கு முன், தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் மருத்துவம் கொண்டுபோகும் பறக்கும் மருத்துவர் சேவையின் மேற்கு ஆஸ்திரேலியப் பிரிவை நடத்தியவர். சுரங்கத்துக்குள்ளேயே வளர்ந்தவர்தான் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. தொலைதூர ஊர்களைத் தெரிந்தவராக, அரசோடும் மக்களோடும் பேசத் தெரிந்தவராக இருப்பது இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம் என்பது என் எண்ணம்.

அரசிடம் வாதாடுவது என்கிறார்களே, அன்றாடம் என்ன செய்கிறார்கள்?

பெரும்பகுதி எழுத்து வேலை. அரசு ஒரு சட்ட வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டால், அதைப் பிரிவு பிரிவாகப் படித்து, எந்த விதி சுரங்கத்தில் எப்படி இறங்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பட்ஜெட்டுக்கு முன் ஒரு மனு. புதுச் சுரங்க அனுமதிக்கு எத்தனை துறைகளின் கையெழுத்து வேண்டும், எங்கே தாமதமாகிறது என்று கணக்கெடுத்துக் காட்டுவது. பாதுகாப்பு விதிகள் மாறும்போது உறுப்பினர்களைத் தயார்படுத்துவது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2022 மார்ச் 31 முதல் வேலையிடப் பாதுகாப்புக்கான புதுச் சட்டமும் சுரங்கங்களுக்கான தனி விதிகளும் நடைமுறைக்கு வந்தன. அலட்சியத்தால் தொழிலாளி இறந்தால் பொறுப்பானவருக்கு 20 ஆண்டு வரை சிறை என்ற குற்றப்பிரிவும் அதோடு வந்தது. இப்படி ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கணக்கில் கூட்டங்கள் நடக்கும். செய்தியில் ஒரு வரியும் வராது.

வேகமாக நடந்த வேலைக்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக மேற்கு ஆஸ்திரேலியா தன் எல்லையை மூடியது. கிழக்கு மாநிலங்களில் வீடு, பில்பராவில் வேலை என்று விமானத்தில் போய்வந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பயணம் குறையும்படி ஷிஃப்ட் சுற்றுகளை நீட்டினார்கள். முக்கியமான ஆட்களைக் குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடியேறச் சொன்னார்கள். சுரங்கங்கள் ஓடின. ஒருவரோடு ஒருவர் ஏற்கெனவே பேசிப் பழகிய அரசும் துறையும் இருந்ததால்தான் அது நாட்கணக்கில் நடந்தது. ஆனால் மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்தவர்கள் தொழிலாளர்கள். அந்த வெற்றியைப் பேசும்போது அவர்களை முதலில் சொல்வதுதான் நியாயம்.

பெரிய விளம்பரப் பிரசாரங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா?

சில தந்தன, ஒன்று முழுமையாகத் தோற்றது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

முதலாவது, டன்னுக்கு 5 டாலர் விவகாரம். 1960களில் பில்பரா சுரங்கங்களுக்காக அரசு போட்ட ஒப்பந்தங்களின்படி பெரிய சுரங்க நிறுவனங்களான பிஎச்பியும் ரியோ டிண்டோவும் டன்னுக்கு 25 சென்ட் குத்தகை வாடகை கட்டிவந்தன. இதை 5 டாலராக்க வேண்டும் என்று 2016இல் மாநில நேஷனல்ஸ் கட்சித் தலைவர் பிரெண்டன் கிரில்ஸ் கிளம்பினார். சேம்பர் தொலைக்காட்சி விளம்பரங்களில் இறங்கியது. ஒப்பந்தத்தை மீறினால் முதலீடு வராது, வேலை போகும், வரும் பணத்திலும் பெரும்பகுதி ஜிஎஸ்டி பங்கீட்டின் வழியாக மற்ற மாநிலங்களுக்குப் போய்விடும் என்று வாதிட்டது. 2017 மார்ச் தேர்தலில் கிரில்ஸ் தன் பில்பரா தொகுதியையே இழந்தார். யோசனையும் அதோடு முடிந்தது.

இரண்டாவது, அதே ஆண்டின் தங்க ராயல்டி, அதாவது எடுக்கும் தங்கத்துக்காக நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் பங்கு. புதிதாக ஆட்சிக்கு வந்த லேபர் அரசு 2017 செப்டம்பர் பட்ஜெட்டில் தங்கத்தின் ராயல்டியை 2.5 சதவீதத்திலிருந்து 3.75 சதவீதமாக்கப் பார்த்தது. தங்க நிறுவனங்களும் சேம்பரும் சேர்ந்து எதிர்த்தன. அக்டோபரில் மேலவை அதைத் தள்ளுபடி செய்தது. திருத்திக் கொண்டுவந்த இரண்டாவது முயற்சியும் நிறைவேறவில்லை. காரணங்கள் தெளிவு. மேலவையில் லேபருக்குப் பெரும்பான்மை இல்லை. லாபம் குறைவாக உள்ள தங்கச் சுரங்கங்கள் பல உண்டு. கல்கூர்லி மாதிரி ஊரில் சுரங்கம் படுத்தால் கடைக்காரர் வரை படுப்பார், அதை அவர்களே வந்து சொன்னார்கள்.

மூன்றாவது, குயின்ஸ்லாந்து நிலக்கரி. ராயல்டியை உயர்த்தாமல் வைத்திருந்த 10 ஆண்டு முடிந்ததும், 2022 ஜூலை முதல் அந்த மாநில அரசு மூன்று புதிய படிகளைச் சேர்த்தது. விலை டன்னுக்கு 175 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனால் அந்த மேல்பகுதிக்கு 20 சதவீதம், 225க்கு மேல் 30, 300க்கு மேல் 40. குயின்ஸ்லாந்து ரிசோர்ஸஸ் கவுன்சில் என்ற அந்த மாநிலச் சங்கம் நீண்ட காலம் விளம்பரம் செய்தது. அரசு அசையவில்லை. 2024இல் ஆட்சியே மாறியது, ராயல்டி மாறவில்லை.

ஏன்? குயின்ஸ்லாந்தில் மேலவையே கிடையாது, 1922இல் ஒழித்துவிட்டார்கள். தடுத்து நிறுத்த இன்னொரு அவை இல்லாத இடத்தில் அரசைத்தான் மாற்ற வேண்டும், அல்லது மக்களை. உக்ரைன் போருக்குப் பின் நிலக்கரி விலை வரலாறு காணாத உயரத்தில் இருந்தது. விலை உயர்ந்தால் மட்டும் ராயல்டி உயரும் என்ற ஏற்பாட்டைச் சாதாரண வாக்காளருக்கு ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். வந்த பணத்தை அரசு மருத்துவமனைகளோடு சேர்த்துச் சொன்னது. இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, ‘முதலீடு போய்விடும்’ என்பது மறுபக்கத்தில் தனியாக நின்றது. அதே வாக்கியம் பில்பராவில் வேலை செய்ததால் இங்கேயும் செய்யும் என்று நினைத்திருந்தால் அது தவறான கணக்கு. தலைமைக்கு வேண்டிய முதல் திறமை, எந்தச் சண்டையில் தன் வாதம் உண்மையிலேயே வலுவானது என்று போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது.

2010இல் ஒரு பிரதமரையே சுரங்கத் துறை இறக்கியது என்கிறார்களே?

2010 மே 2 அன்று கெவின் ரட் அரசு அதீத லாபத்தின் மீது 40 சதவீத வரி அறிவித்தது. தேசிய அளவிலான மினரல்ஸ் கவுன்சிலும் பெரிய நிறுவனங்களும் சில வாரங்களில் ஏறத்தாழ 22 மில்லியன் டாலர் விளம்பரத்துக்குச் செலவிட்டன. ஜூன் 9 அன்று பெர்த்தின் லாங்லி பார்க்கில் சுரங்க முதலாளிகளான ஜீனா ரைன்ஹார்ட்டும் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட்டும் லாரி மேல் ஏறி நின்று பேசினார்கள். ஜூன் 24 அன்று ரட் பதவியில் இல்லை. அடுத்த பிரதமராக ஜூலியா கில்லார்ட் வந்ததும் நிறுவனங்களோடு பேசி, இரும்புத்தாதுக்கும் நிலக்கரிக்கும் மட்டும் 30 சதவீதம் என்று சுருக்கினார். அது 2012இல் தொடங்கி 2014இல் நீக்கப்பட்டது.

ரட் விழுந்ததற்கு அவர் கட்சிக்குள்ளேயே வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்தச் சில வாரங்களின் நினைவு ஆஸ்திரேலிய அரசியலில் இன்னும் இருக்கிறது. எந்த அரசும் சுரங்க வரியைத் தொடத் தயங்குகிறது. துறைக்கு இது வெற்றிதான். எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. கனிமம் சட்டப்படி மாநில மக்களுடைய சொத்து. அதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை நிதானமாகப் பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் பயத்தால் பேச்சே நின்றுவிட்டது. அந்தப் பேச்சைத் திரும்பத் தொடங்கும் துணிவு துறையின் தலைமைக்கு இருக்க வேண்டும். விலை விழும்போது அரசின் உதவி தேவைப்படுவது அவர்களுக்குத்தான். இந்தோனேசிய நிக்கல் சந்தையை நிரப்பியபின், பிஎச்பி 2024 அக்டோபரில் தன் நிக்கல் வெஸ்ட் சுரங்கங்களையும் ஆலைகளையும் நிறுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் கூட்டரசு நிக்கலை முக்கியக் கனிமப் பட்டியலில் சேர்த்தது. முக்கியக் கனிமங்களைச் சுத்திகரிக்கும் செலவில் 10 சதவீதத்தை வரிச்சலுகையாகத் தரும் சட்டமும் 2025இல் நிறைவேறியது. நல்ல காலத்தில் கொடுக்க மறுத்தவர்கள் கெட்ட காலத்தில் கேட்கும்போது மக்கள் கவனிக்கிறார்கள்.

சேம்பரும் லாபி நிறுவனங்களும் ஒன்றுதானா? பதிவேட்டில் இருப்பார்களா?

கூலிக்கு அடுத்தவருக்காகப் பேசும் லாபி நிறுவனங்கள் கூட்டரசின் பதிவேட்டில் பதிய வேண்டும். தன் உறுப்பினர்களுக்காகப் பேசும் லாப நோக்கமில்லாத சங்கங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமைச்சர் யாரைச் சந்தித்தார் என்பதை நாட்குறிப்பாக வெளியிடும் வழக்கம் எல்லா மாநிலங்களிலும் வந்தால் இந்த இடைவெளி கொஞ்சம் அடையும். சங்கங்கள் அதற்காகக் காத்திருக்காமல் தாங்களே தங்கள் சந்திப்புகளை வெளியிடலாம்.

உறுப்பினர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாவிட்டால்?

அடிக்கடி நடப்பதுதான். எரிவாயு எடுப்பவருக்கு ஏற்றுமதி விலை வேண்டும். அலுமினா ஆலைக்கு உள்ளூரில் மலிவான எரிவாயு வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏற்றுமதி எரிவாயுத் திட்டங்கள் 15 சதவீதத்துக்கு இணையான அளவை உள்ளூருக்கு ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 2006 முதல் இருக்கிறது. அதை இறுக்க வேண்டுமா தளர்த்த வேண்டுமா என்று கேட்டால் ஒரே கூட்டத்தில் இரண்டு பதில் வரும். அப்படிப்பட்ட விஷயங்களில் சங்கத்தின் குரல் மெலிதாகத்தான் கேட்கும்.

வெளிப்படையாக வெடித்த ஒரு சம்பவம் குயின்ஸ்லாந்தில் நடந்தது. 2020 அக்டோபர் மாநிலத் தேர்தலில் வாக்குச்சீட்டின் விருப்ப வரிசையில் கிரீன்ஸ் கட்சியைக் கடைசியாகப் போடுங்கள் என்று ரிசோர்ஸஸ் கவுன்சில் விளம்பரம் செய்தது. அப்போது அதன் தலைமைச் செயல் அதிகாரி இயன் மக்ஃபார்லேன், கூட்டரசில் இத்துறை அமைச்சராக இருந்தவர். பிஎச்பி தன் உறுப்பினர் பொறுப்பையே நிறுத்திவைத்தது. ஆரிஜின் எனர்ஜி என்ற எரிசக்தி நிறுவனமும் விலகி நின்றது. ஒரு கட்சிக்கு எதிராகத் தங்கள் சந்தாப் பணத்தில் வாக்குக் கேட்பதை அவர்கள் ஏற்கவில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்பே பிஎச்பி தான் சேர்ந்திருக்கும் சங்கங்களின் பருவநிலை நிலைப்பாட்டைத் தன் நிலைப்பாட்டோடு ஒப்பிட்டு அறிக்கை வெளியிடத் தொடங்கியிருந்தது. உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்தும் வெளியேறியது. பங்குதாரர்கள் கேட்டதால் வந்த மாற்றம் இது. ‘எங்கள் பெயரில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள்?’ என்று உறுப்பினரே கேட்கும் காலத்தில், சங்கத் தலைமை அமைச்சரைச் சந்திப்பதற்கு முன் தன் கூட்டத்திலேயே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கிறது.

ஜூகன் கோர்ஜ் அழிந்தபோது இந்த அமைப்புகள் எங்கே இருந்தன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கோபத்தோடுதான் கேட்கிறார்கள். கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

2020 மே 24 அன்று பில்பராவில் ரியோ டிண்டோ தன் பிராக்மன் 4 சுரங்கத்தை விரிக்க வைத்த வெடியில் ஜூகன் கோர்ஜின் பாறைக் குகைகள் அழிந்தன. 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன தடம் இருந்த இடம். அங்கே முன்பு கிடைத்த, மனித முடியால் பின்னிய 4,000 ஆண்டுப் பழைய கச்சையின் மரபணு, அந்த மண்ணுக்கு உரிய பூட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களின் இன்றைய தலைமுறையோடு ஒத்துப்போனது. சுமார் 80 லட்சம் டன் உயர்தரத் தாதுக்காக அது போனது. கீழடியில் ஒரு பானை ஓடு கிடைத்தால் நாம் எப்படிச் சிலிர்க்கிறோம் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும்.

வெடி வைத்தது சட்டப்படி. பூர்வகுடி மரபிடங்களுக்கான 1972ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 2013இல் அனுமதி வாங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தின் அருமை தெரியவந்தது, ஆனால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பார்க்க வழியில்லை. அமைச்சர் முடிவு பிடிக்காவிட்டால் நிலத்தை வைத்திருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், பூர்வகுடிகள் போக முடியாது. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது துறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். 2018இலேயே மாநில அரசு மறுஆய்வைத் தொடங்கிவிட்டது. தனக்குச் சாதகமான சாய்வை நிமிர்த்துங்கள் என்று ஒரு துறை தானே முன்வந்து உரக்கக் கேட்பது அபூர்வம். கேட்டிருந்தால் அந்தக் குகைகள் இருந்திருக்கலாம். ஒரு தொழில் சங்கத்துக்கு நான் வைக்கும் உரைகல் இதுதான்.

ரியோவின் தலைமைச் செயல் அதிகாரி ஜான்-செபாஸ்டியன் ஜாக் உட்பட மூன்று உயரதிகாரிகள் வெளியேறினார்கள். 2021இல் புதுச் சட்டம் நிறைவேறியது. 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, ஐந்து வாரத்தில், ஆகஸ்ட் 8 அன்று அதை நீக்குவதாக மாநிலப் பிரதமர் ரோஜர் குக் அறிவித்தார். 1,100 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தியதால் கிராமப்புறத்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1972 சட்டமே சில திருத்தங்களோடு திரும்பியது. பூர்வகுடிகளுக்கும் தீர்ப்பாயம் போகும் உரிமை இப்போது உண்டு. புதிய தகவல் தெரியவந்தால் அனுமதியைத் திரும்பப் பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது பழகிய கதை. அங்கே வெடி வைப்பதற்கு வெகுமுன்பே ஊர்மக்கள் எழுந்தார்கள். 2024 நவம்பரில் ஏலம் எடுத்தவர் யார் என்று அறிவிக்கப்பட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சுரங்கத் தொழிலாளர் தங்கும் முகாம்களில் பெண்களின் பாதுகாப்புக்கு சேம்பர் என்ன செய்ய முடியும்?

மற்ற எதைவிடவும் இங்கேதான் ஒரு சங்கத்தால் நிறையச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

2021இல் மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று, விமானத்தில் போய்வரும் சுரங்க வேலையில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்கத் தொடங்கியது. லிபி மெட்டம் தலைமையிலான அந்தக் குழு 2022 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2019 முதல் தன் மேற்கு ஆஸ்திரேலியத் தளங்களில் 48 பேரை இதற்காக வேலையிலிருந்து நீக்கியதாக பிஎச்பி குழுவிடம் சொன்னது. 2022 பிப்ரவரியில் ரியோ டிண்டோ வெளியிட்ட தன் சொந்த ஆய்வில் பெண் ஊழியர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் பாலியல் தொல்லையை அனுபவித்திருந்தார்கள். 21 பெண்கள் வன்புணர்வோ அதற்கான முயற்சியோ நடந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நிறுவனம் ஒருவனை நீக்கினால் அவன் ஒப்பந்ததாரர் வழியாகப் பக்கத்துச் சுரங்கத்தில் சேர்ந்துவிடலாம். பெண் புகார் கொடுத்தால் அடுத்த சுற்றுக்கு அவளையே அழைக்காமல் விடலாம். ஒரு முகாமில் இரவு விளக்கும் அறைப் பூட்டும் ஒழுங்காக இருக்கும், அடுத்ததில் இருக்காது. குடிக்கு வரம்பு ஒரு இடத்தில் நாளுக்கு 4 கோப்பை என்பார்கள், இன்னொரு இடத்தில் கேட்பாரில்லை. தனி நிறுவனத்தால் தீர்க்க முடியாதவை இவை. எல்லாரும் ஒரே நாளில் ஒரே குறைந்தபட்ச ஒழுங்கை ஏற்றால்தான் தீரும். அந்த ஒழுங்கை எழுத வைத்து, கையெழுத்து வாங்கி, யார் கடைப்பிடிக்கவில்லை என்று கேட்கும் தெம்பு இருந்தால் அவரைத் தலைவர் என்று சொல்வேன். சேம்பர் இதற்காகக் குழு அமைத்தது, முகாம்களுக்கான பொது நடைமுறைகளைப் பேசியது. குழு போட்டதை வைத்து மதிப்பிட வேண்டாம். புகார் கொடுத்த பெண் அடுத்த ஆண்டும் அதே துறையில் வேலையில் இருக்கிறாளா என்று கேட்டு மதிப்பிடுங்கள்.

எரிசக்தியும் கனிமமும் ஒரே சங்கத்தில் இருப்பது பருவநிலை விஷயத்தில் முரண்பாடு இல்லையா?

முரண்பாடு உண்டு, பயனும் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு விடும் ஆலைகளும் சுரங்கங்களும் 2023 ஜூலை முதல் தங்கள் வரம்பை ஆண்டுக்கு 4.9 சதவீதம் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது கூட்டரசின் விதி. காலி (Collie) என்ற ஊர்ப் பகுதியில் உள்ள, அரசுக்குச் சொந்தமான நிலக்கரி மின்நிலையங்களை 2030க்குள் மூடுவதாக 2022இல் மாநில அரசு அறிவித்தது. மின்சாரத்துக்கு அடுத்து என்ன என்று சுரங்கக்காரரும் மின் உற்பத்தியாளரும் ஒரே மேசையில் பேச முடிவது நல்லதுதான். ஆனால் மிக மெதுவாக நடக்கும் உறுப்பினரின் வேகத்துக்கே சங்கம் முழுதும் நடக்கும் ஆபத்தும் அதே மேசையில் இருக்கிறது.

சிறிய நிறுவனங்களின் குரல் எடுபடுமா?

தேடல் பணி செய்யும் சின்ன நிறுவனங்களுக்கென்று ‘அமெக்’ என்ற தனிச் சங்கம் பெர்த்தில் இருக்கிறது. ராயல்டி மாதிரிப் பொது விஷயத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும். நிலக் குத்தகை, அனுமதிக் கட்டணம் போன்றவற்றில் சின்னவர்களின் வலியை அமெக்தான் விடாமல் பேசும்.

தமிழ்நாட்டில் இப்படி என்ன நடக்கிறது?

ராயல்டிச் சண்டையில் தமிழ்நாட்டுக்கு இந்திய அளவில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசு ராயல்டி மேல் போட்ட கூடுதல் தீர்வையை எதிர்த்து இந்தியா சிமென்ட்ஸ் தொடுத்த வழக்கில், ராயல்டி ஒரு வரி என்று 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். அதனால் மாநிலங்களின் கை கட்டப்பட்டது. 35 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8க்கு 1 என்று அதை மாற்றியது. ராயல்டி வரி அல்ல, கனிம நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம். அந்த டிசம்பரிலேயே தமிழ்நாடு கனிம நில வரிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்ததும் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எம்-சாண்டும் ஜல்லியும் கிடைக்காமல் கட்டட வேலை நின்றது. பேச்சுவார்த்தையில் அரசு கட்டணத்தைக் குறைத்தது.

வித்தியாசத்தைப் பாருங்கள். பெர்த்தில் சண்டை நடந்தது வரைவு நிலையில், மேலவையில், கணக்கு அறிக்கைகளோடு. தமிழ்நாட்டில் சட்டம் வந்தபின் லாரிகளை நிறுத்தி நடந்தது. விலையை உயர்த்திக் கொடுத்தவர் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். நம் ஊர்ச் சங்கங்கள் சட்ட வரைவைப் படித்து முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும். அரசும் அப்படி எழுதிக் கொடுக்க உண்மையான அவகாசம் தர வேண்டும்.

பெர்த்தில் வேலை செய்யும் பொறியாளர் நான். இதில் எனக்கு என்ன பங்கு?

உறுப்பினர் உங்கள் நிறுவனம்தான், நீங்கள் இல்லை. ஆனால் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், பணியாளர் நலன் என்று சேம்பரின் குழுக்களில் உட்கார நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைத்தான் அனுப்புகின்றன. மேலாளரிடம் கேளுங்கள். நம் ஆட்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், இந்த மாதிரிக் கூட்டங்களுக்குக் கை தூக்குவதில்லை. சேம்பர் நடத்தும் சுரங்க மீட்புப் போட்டிகளும் ஒரு நல்ல வாசல். நிலத்தடி மீட்புப் போட்டி கல்கூர்லியில் நடக்கும். புகை, இருட்டு, காயம்பட்டவர் என்று உண்மைபோல அமைத்துச் சோதிப்பார்கள். அந்த அணிகளில் இருப்பவர்களைச் சுரங்கத்தில் எல்லாரும் மதிக்கிறார்கள்.

சேம்பர் அறிக்கை ஒன்றைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘இத்தனை ஆயிரம் வேலை போகும்’ என்றிருந்தால், அது நேரடி வேலையா, கடை, ஓட்டல் வரை சேர்த்ததா என்று பாருங்கள். எந்த விலையை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டார்கள், கணித்துக் கொடுத்த ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். சென்ற முறை வரி வந்தபோது சொன்ன கணிப்பு பலித்ததா என்று தேடுங்கள். குயின்ஸ்லாந்தில் புதிய ராயல்டியின் முதல் ஆண்டில் சுமார் 15 பில்லியன் டாலர் வந்தது, சுரங்கங்களும் ஓடின. அடுத்து விலை இறங்கியபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கடைசியாக, அந்த அறிக்கையில் அரசு செய்ய வேண்டியவை எத்தனை, உறுப்பினர்கள் தாங்கள் செய்வதாக ஒப்புக்கொள்பவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கை பெரிதாக இருக்கும் அறிக்கையை நான் இரண்டு முறை படிப்பேன்.